முதல் வரிசை ஏன் மஞ்சள்?

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் நல்ல வெயில். தெற்கே சுங்கை ரம்பாய்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் கறுப்பு. வராது என்று நம்பித் துணி காயப்போட்டேன். மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது.

செய்ய வேண்டியவை:
– 2ஆம் வரிசை பயிற்றங்காய்க்குக் குச்சி ஊன்ற
– உரக்குழி கிளற. உம்பாய் மீன்சந்தையிலிருந்து என் வீட்டுக்காரர் லாரியில் கொண்டுவந்த மீன் கழிவு நாறுகிறது. மேலே காய்ந்த இலை போட
– ஞாயிற்றுக்கிழமைப் பைக்குக் கங்கோங் கீரை யார் பாத்தியில் இருக்கிறது, கேட்க
– மு.வ.

மு.வ. என்றால் முதல் வரிசை. கோயில் சுவரை ஒட்டி இருப்பது. ஐந்து பாத்தி, ஐந்தும் மஞ்சள். இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் பச்சைப் பசேல். ஒரே மண், ஒரே மழை, ஒரே உரம். ஏன்?

பத்து மணிக்குக் கோயில் தலைவர் வந்தார். கூடவே அளவு நாடாவுடன் ஓர் ஆள். மு.வ. நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்தார்கள். குச்சித் தலையில் சிவப்புப் பெயின்ட். சுற்றி நைலான் கயிறு.

"என்னாண்ணே இது?"

"சும்மா அளவுதான் ஸ்டெல்லா. திருவிழாவுக்கு காடி நிறுத்த எடமில்லன்னு எல்லாரும் கொறை சொல்றாங்க. நீ சொன்ன சொல்ல காப்பாத்திட்டா நானே வந்து புடுங்கிடுறேன்லா."

நான் சொன்ன சொல். ஜனவரிக் கூட்டத்தில் வாய் நீண்டுவிட்டது. இந்தச் சித்ரா பௌர்ணமி அன்னதானத்துக்கு ஒரு கத்திரிக்காய்கூட பசாரிலிருந்து வராது, அத்தனையும் நம் தோட்டத்திலிருந்துதான் என்றேன். கைதட்டினார்கள். "முடியலன்னா அந்த எடத்துல சிமென்டு" என்றார் தலைவர். அதற்கும் கைதட்டினார்கள். நாங்கள் இருபது குடும்பம் சேர்ந்து பயிரிடும் நிலம் கோயில் நிலம், இரவல் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கலாம். முதலில் ஒரு வரிசை போகும். பிறகு நான்கும்.

திருவிழா மே 1. சாம்பாருக்கான கத்திரி முழுக்க மு.வ.யில்தான் நிற்கிறது. மஞ்சளாக.

மாலையில் மு.வ.க்குச் சுண்ணாம்புத் தூள் போட்டேன், ஒரு கை கூடுதலாக. எஸ்டேட் மண் புளித்த மண். மஞ்சளடித்தால் சுண்ணாம்பு, அப்பா காலத்திலிருந்து அதுதான் வைத்தியம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மப்பு. மழை இல்லை.

சிவப்பு ஸ்டிக்கர் தேடி எடுத்தேன். செங் வட்டாரத்துக் கம்ப்யூட்டர் சில்லுத் தொழிற்சாலையை விட்டு வரும்போது மேசை இழுப்பறையில் கிடந்த கட்டு, கெட்ட சரக்கில் ஒட்டுவது. இருபத்து நான்கு வருஷம் அந்தக் கண்ணாடி விளக்கின் கீழே உட்கார்ந்து சில்லு பார்த்த கண். நல்லதா கெட்டதா என்று சொல்வதோடு என் வேலை முடிந்துவிடும். ஏன் கெட்டது என்று கேட்பது வேறு டிபார்ட்மென்ட். அந்த டிபார்ட்மென்ட் மேல் எனக்கு எப்போதும் பொறாமை.

ஐந்து பாத்தியிலும் குச்சி நட்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். பார்த்தது:

புது இலைதான் மஞ்சள். அடி இலை பச்சை.
மஞ்சளிலும் நரம்பு மட்டும் பச்சை, கோடு போட்ட மாதிரி.
பூச்சி இல்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று.
வேர் நாறவில்லை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். அந்தப் பாத்திக்காரர் லெட்சுமி அக்கா பார்க்கவில்லை, நல்லவேளை.

உரம் போதவில்லை என்றால் அடி இலைதானே முதலில் பழுக்கும்? இங்கே தலைகீழ்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு வேலைக்குப் போகும் பங்களாதேஷ் பையன்கள் வேலியோரம் நின்று ஸ்டிக்கரைப் பார்த்தார்கள். "சேல்? சேல்?" என்று ஒருவன் கேட்டான். தள்ளுபடி விற்பனை என்று நினைத்துவிட்டான். சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 8, புதன்

வெயில். ஏழு மணிக்கே வியர்வை.

கோயிலில் காலை அபிஷேகம் முடிந்ததும் லெ. அக்கா வந்தார், கையில் நீல வாளி. அபிஷேகத் தண்ணீர் விழும் குழாயடியில் வாளியை வைத்துப் பிடித்து, மு.வ. முழுக்க ஒவ்வொரு செடிக்கும் ஊற்றிக்கொண்டே நடப்பார். செருப்பு போடமாட்டார். தீபாவளியிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. ஜொகூரில் இருக்கும் மகளுக்கு எட்டு வருஷம் கழித்துக் குழந்தை உண்டாகியிருக்கிறது. பிரசவம் ஆகும்வரை அம்மனுக்கு ஊற்றிய தண்ணீரை அம்மன் நிலத்துச் செடிக்கு ஊற்றுவதாக நேர்த்திக்கடன். இடுப்பு வலியோடுதான் வாளி தூக்குகிறார். நான் தூக்க வந்தால் விடமாட்டார்.

"செடி என்னாடி இப்படி வெளுத்துப் போவுது?"

"பாக்குறேன்க்கா."

"அம்மா பாத்துக்குவா. இன்னும் ஒரு வாளி ஊத்துறேன்."

ஐயர் வந்து வேலியோரம் நின்றார். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர், முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு கையிலும் தோல் உரிந்து வெடிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "இந்த ஊரு தண்ணி எனக்கு ஒத்துக்கல போலிருக்கும்மா" என்றார். கற்றாழை மடல் ஒன்று ஒடித்துக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு இன்று உம்பாயில் லோடு இல்லை. வீட்டிலேயே இருந்து என் மிளகாய்ச் செடிக்குப் பேர் வைக்கிறார்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று ஒன்று நடந்தது. ஒழுங்காக எழுதவேண்டும்.

வேலியில் சங்குப்பூ நிறைய. குவே பலகாரம் செய்யும் சீனத்து நோன்யா ஆன்ட்டிக்குப் பறித்தது போக மிச்சத்தை வெந்நீரில் போட்டு எனக்கு ஒரு குவளை. நீல நிறம். கஸ்தூரி எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், அது எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. பாதி குடித்தேன், ஆறிப்போனது. மிச்சத்தை லெ. அக்காவின் காலி வாளியில் கொட்டினேன்.

பச்சை ஆயிற்று.

வாளியின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் வண்டல் தங்கியிருந்தது. நீலத் தண்ணீர் அதில் பட்டதும் பாசிப் பச்சை. நான் அப்படியே குந்திவிட்டேன். இன்னும் பூ பறித்து, இன்னும் தண்ணீர் கொதிக்க வைத்து, மறுபடி ஊற்றினேன். மறுபடி பச்சை.

புளிப்புக்கு ஊதா. அப்படியென்றால் பச்சை எதற்கு?

தமிழ்ப்பள்ளி டீச்சராக இருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டேன். "காரத்துக்குக்கா. சோப்பு, சுண்ணாம்பு, அந்த மாதிரி. ஆறாம் வகுப்புப் பாடம்லா இது" என்றாள். ஐம்பத்து நாலு வயதில் ஆறாம் வகுப்பு. பரவாயில்லை.

மத்தியானம் சமைக்கவில்லை. இவர் சார்டின் டின் திறந்து தானே சாப்பிட்டுக்கொண்டார். "மறுபடியும் எம்சிஓ வந்துட்ட மாதிரி இருக்கு" என்றார்.

எம்சிஓ என்ற கொரோனா ஊரடங்குக் காலம் ஞாபகம் வந்தது. சாலை மூடி, காய்கறி லாரி வராமல், இந்த வீடமைப்புப் பகுதி முழுக்க டின் மீனும் மீ நூடுல்ஸும் சாப்பிட்ட நாட்கள். சுற்றிலும் ஆயிரம் ஏக்கர் மண், சாப்பிட ஒரு கீரை இல்லை. அந்தக் கோபத்தில்தான் இந்தத் தோட்டம் வந்தது. இன்று இருபது குடும்பம். அதனால்தான் சிமென்ட் என்ற சொல்லை என்னால் கேட்க முடிவதில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

காலை தூறல், பிறகு வெயில்.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஒரு பயிற்சியில் மலாய்க்கார அதிகாரி சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்: புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச் சத்து எடுக்கவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு மிஞ்சினால் வேரால் அதை எடுக்க முடியாது. என் கையெழுத்துத்தான். அடிக்கோடு வேறு. ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

நாலு வரிசை மண்ணையும் நாலு தம்ளரில் மழைத் தண்ணீரில் கரைத்தேன். தெளியவிட்டு, மேல் தண்ணீரில் சங்குப்பூச் சாறு.

4ஆம் வரிசை: ஊதா கலந்த நீலம்
3: நீலம்
2: நீலம்
1: பச்சை

சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்தேன். சூரியன் பட்டது. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லவேண்டும். இவர் வந்து பார்த்து, "எதக் குடிக்கணும்?" என்றார்.

ஆக, மு.வ.க்குச் சுண்ணாம்பு வந்து சேர்ந்திருக்கிறது. எங்கிருந்து? வாளியிலிருந்து. வாளிக்கு எங்கிருந்து? அபிஷேகத்திலிருந்து. பால், மஞ்சள், சந்தனம், விபூதி. வெள்ளை வண்டல் விபூதிதான். ஐயர் கை வெடித்ததும் அதனால்தான் போல.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு அரை மணி நேரம் இருந்தது. பிறகு பயம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள் நான். அம்மன் தண்ணீர் செடியைக் கொல்கிறது என்று நானா சொல்வேன்?

ஏப்ரல் 11, சனி

சந்திப்பில் ஜமால் பாய் கடை. அரிசி, பருப்பு, ஊதுபத்தி, கற்பூரம், விபூதி எல்லாம் அங்கேதான். ஐந்து வேளையும் தொழுகிற மனுஷர், எந்தச் சாமிக்கு எந்தத் திரி என்று அவரைக் கேட்டால் போதும்.

"பாய், கோயிலுக்கு வர்ற விபூதி சாக்கு உங்க கடையா?"

"நம்ம கடை இல்ல தங்கச்சி. தலைவர் வெளியில எங்கேயோ சொல்லி எடுக்கிறாரு. ஒரு வருஷ உபயம் அவரோடது. தினமும் விபூதி அபிஷேகம்."

"அது சாம்பல்தானா?"

பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். குரல் இறங்கியது. "நான் சொன்னேன்னு சொல்லாத. அந்த மாதிரி மூட்டையில வர்றது மாட்டுச் சாணி சாம்பலா இருக்காதும்மா. கல்லுப் பொடி, சுண்ணாம்பு, கொஞ்சம் வாசனை. நெத்தியில வச்சா எரியும்." மேல் தட்டிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தார். சாம்பல் நிறம். "கேக்குறவங்களுக்கு மட்டும் இது. உனக்கு எதுக்கு?"

"செடிக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வை.

வீட்டில் பார்த்தேன். டப்பா விபூதி: லேசான பச்சை. வாளி வண்டல்: பாசிப் பச்சை. நல்ல சாம்பலும் காரம்தான். தினம் ஊற்றினால் அதுவும் சேரும், கொஞ்சம் மெதுவாக. இதையும் எழுதி வைக்கிறேன். நமக்குப் பிடித்த பதிலை மட்டும் எழுதினால் அது தரம் பார்க்கிற கியூசி வேலை இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து நேராகத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமைப் பை பதினொன்று கட்டினோம். வெளியே போக முடியாத வீடுகளுக்கு. கங்கோங், வெண்டை, முருங்கை, கொஞ்சம் மிளகாய். கத்திரி இல்லை.

வாசலில் பை வாங்கும்போது ஓர் அம்மா: "கத்திரிக்கா எங்கேம்மா?" இன்னொருவர் பின்னாலிருந்து: "அங்க காடி நிறுத்தப் போறாங்களாம், ஒனக்குத் தெரியாதா?"

ஊர் முடிவு செய்துவிட்டது.

ஏப்ரல் 13, திங்கள்

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. இல்லை, சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்ன விதம் தப்பு.

லெ. அக்கா வாளியோடு வந்தபோது வழிமறித்த மாதிரி நின்றேன். "அக்கா, ஒரு ரெண்டு வாரம் இந்தத் தண்ணி ஊத்தாம இருக்கலாமா?"

"ஏன்?"

"தண்ணியில சுண்ணாம்பு இருக்கு. அதுலதான் செடி மஞ்சளாவுது."

வாளியைக் கீழே வைத்தார். சத்தமே இல்லாமல் கேட்டார்: "அம்மா மேல ஊத்துன தண்ணியில சுண்ணாம்பா?"

"விபூதிக்கா. அந்த மூட்டை விபூதி..."

"உங்க கோயில் தீர்த்தமா இருந்தா இப்படிச் சொல்லுவியா ஸ்டெல்லா? தம்ளர்ல ஊத்திக் கலர் பாப்பியா?"

குனிந்து வாளியைப் பார்த்தேன். அக்கா விடவில்லை.

"எம்மவளுக்கு அடுத்த மாசம். இப்ப நிறுத்தி அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, உன் தம்ளர் வந்து பதில் சொல்லுமா?"

வாளியை எடுத்து, ஐந்து பாத்திக்கும் வழக்கத்தைவிட மெதுவாக ஊற்றிவிட்டுப் போனார். முப்பது வருஷப் பழக்கம். என் கல்யாணத்துக்குத் தலை பின்னிவிட்டது அவர்.

அழுதேன். இவர் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. கோயிலில் மேளம், விசேஷ அபிஷேகம். வருஷா வருஷம் லெ. அக்கா வீட்டுப் பாயசம் எட்டு மணிக்கு வந்துவிடும். இன்று வரவில்லை. பத்து மணி வரைக்கும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்னவோ பாயசத்துக்காகத்தான் என்பதுபோல.

மழை இல்லை. மு.வ. மஞ்சள்.

ஏப்ரல் 16, வியாழன்

நேற்று எழுதவில்லை. இன்று எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

காலை எட்டு மணி. உரக்குழி கிளறிக்கொண்டிருந்தேன். லெ. அக்கா வந்தார், கூடவே தலைவர், பின்னால் ஐயர். அக்காதான் அழைத்து வந்திருக்கிறார். முகம் கல் மாதிரி.

"கொண்டா உன் தம்ளர. எங்க கண்ணு முன்னால செய்யி. உங்க கோயில் தீர்த்தமும் கொண்டா."

வீட்டுக்கு ஓடினேன். நாலு கண்ணாடித் தம்ளர், சங்குப்பூத் தண்ணீர், பாய் கடை டப்பா, மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தீர்த்தப் பாட்டில். சிலுவை போட்டுக்கொண்டு எடுத்தேன், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

தோட்டத்துப் பொண்டோக் குடிலின் பலகையில் நாலு தம்ளரும் நீலம்.

ஒன்றில் எங்கள் தீர்த்தம். நிறம் மாறவில்லை.

"உங்க சாமி தப்பிச்சிட்டாரு" என்றார் லெ. அக்கா.

"பைப் தண்ணிக்கா அது. ஃபாதர் மந்திரிக்கிறாரு, அவ்வளவுதான்."

இரண்டாவதில் பாய் கடை டப்பா விபூதி. லேசான பச்சை. மூன்றாவதில் ஐயர் எடுத்து வந்த கோயில் மூட்டை விபூதி, தலைவர் தன் கையாலேயே போட்டார். பாசிப் பச்சை. தலைவர் தம்ளரைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் உபயம். ஐயர் தன் கையைப் பார்த்தார்.

நாலாவது தம்ளர் சும்மா இருந்தது. லெ. அக்கா சுற்றும் முற்றும் பார்த்து, பொண்டோக் மூலையில் இருந்த சாக்கைக் காட்டினார். "அது என்னா?"

"சுண்ணாம்புக்கா. மண்ணுக்குப் போடுறது."

"போடு."

ஒரு சிட்டிகைதான் போட்டேன். நீலம் பச்சையாகி, பச்சை நிற்காமல் மஞ்சளுக்கே போய்விட்டது. மு.வ. இலை நிறம், அச்சு அசலாக.

"இத எங்க போடுற?" என்று கேட்டார் தலைவர்.

"நாலு வரிசைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை."

"முதல் வரிசைக்கு?"

சாக்கின் வாயைச் சுருட்டினேன். லெ. அக்கா சொன்னார்: "அதுக்குத்தான் மாசா மாசம் போடுறாளே. நான்தான் பாக்குறேனே."

ஐயர் மட்டும் இரக்கப்பட்டார். அக்காவிடம் சொன்னார்: "அம்மா, நாளையிலேர்ந்து பால் அபிஷேகம், தண்ணி அபிஷேகம் ஆனதும் நான் மணி அடிக்கிறேன். விபூதிக்கு முன்னாடி வாளிய வச்சுப் பிடிச்சுக்கோங்க. எல்லாம் அம்பாள் மேல விழுந்த தீர்த்தம்தான். நேர்த்திக்கு ஒரு குறையும் வராது."

அக்கா அவரைக் கும்பிட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

மழை, காலையிலிருந்தே. நல்லது. மண்ணைக் கழுவட்டும்.

இந்த நோட்டையே பின்னால் திருப்பிப் படித்தேன்.

நவம்பர்: மு.வ. லேசாக மஞ்சள். சுண்ணாம்பு போட்டேன்.
டிசம்பர்: மு.வ. மஞ்சள். சுண்ணாம்பு.
ஜனவரி: மு.வ. கேட்கவில்லை. சுண்ணாம்பு இரண்டு கை.
பிப்ரவரி: அதே.
மார்ச்: அதே. "ஏன் என்றே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.
ஏப்ரல் 6: ஒரு கை கூடுதல்.

மஞ்சள் என்றால் புளித்த மண், புளித்த மண் என்றால் சுண்ணாம்பு. எஸ்டேட்டில் பிறந்த யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வார்கள். ரப்பர் பால் மரக் காட்டுக்கு அது சரி. நான் கண்ணை மூடிக்கொண்டே போட்டேன். வாளித் தண்ணீர் கொஞ்சம் கெடுத்தது. அதைப் பார்த்து நான் நிறையக் கெடுத்தேன்.

அடுத்தவர் வாளியில் தேடினேன். என் சாக்கில் தேடவில்லை.

சுண்ணாம்புச் சாக்கில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். பிறகு இன்னொன்று.

வைத்தியம்: பழைய மாட்டுப் பட்டியில் கிடந்த துருப்பிடித்த ஆணி இரண்டு கை அள்ளி, கெட்டிப் புளித் தண்ணீரில் ஊறப்போட்டாயிற்று. இரும்பு அதில் இறங்கும். வேர் எடுக்காவிட்டால் இலைக்கு நேராகக் கொடுத்துப் பார்ப்போம். இவர்: "மீன் குழம்பா?"

ஏப்ரல் 19, ஞாயிறு

கோயில் கூட்டம், பூசை முடிந்து பதினொரு மணிக்கு. வெயில் கொளுத்தியது. மண்டபத்தில் காற்றாடி ஒன்றுதான் சுற்றியது.

எழுந்து நின்று சொன்னேன். பேப்பர் வைத்திருந்தேன், படிக்கவில்லை. "முதல் வரிசை கெட்டது என்னால. சுண்ணாம்பு அதிகமா போட்டது நான். விபூதித் தண்ணியும் கொஞ்சம் காரணம். ஆனா பெரிய பங்கு என்னோடது. லெட்சுமி அக்கா மேல பழி போட்ட மாதிரி பேசிட்டேன், அது தப்பு."

தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட என் சில்லு திரும்பி வந்ததில்லை என்று பெருமையடித்தவள் நான்.

பின்வரிசையில் ஒரு குரல்: "அப்ப அந்த மண்ணு செத்துப் போச்சு. சிமென்ட்டு போட்டா என்னா?"

நியாயமான கேள்வி. அதுதான் வலித்தது.

"சாவல" என்றேன். "வேர் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

தலைவர் மூக்கைச் சொறிந்தார். தன் உபய மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. "வாயால சொன்னா பத்தாது ஸ்டெல்லா. வர்ற சனிக்கிழமை சிமென்ட்டு லாரிக்குச் சொல்லணும். அதுக்குள்ள அந்த வரிசையில ஒரே ஒரு பச்ச இலை காட்டு. ஒண்ணு போதும்."

"காட்டுறேன்ணே."

மறுபடி வாய் நீண்டுவிட்டது.

மத்தியானமே ஆணித் தண்ணீரை வடிகட்டினேன். கறுப்பாக, மை மாதிரி. தண்ணீர் கலந்து நீர்க்கவைத்தேன். பழைய நெயில் பாலிஷ் பிரஷ் கழுவி எடுத்து, லெ. அக்கா பாத்திக் கத்திரியில் ஒரு மஞ்சள் இலையின் வலது பாதிக்கு மட்டும் பூசினேன். இடது பாதி சும்மா. இரண்டும் ஒரே இலை, ஒரே செடி. வித்தியாசம் வந்தால் இரும்புதான். வராவிட்டால் நான் மறுபடி தப்பு.

ஏப்ரல் 21, செவ்வாய்

வெயில். இலையில் ஒன்றுமில்லை.

கோயிலில் மணி அடித்தது, பால் அபிஷேகம் முடிந்ததற்கு. லெ. அக்கா வாளி பிடித்தார். வாளியில் பால் கலங்கிய தண்ணீர், வண்டல் இல்லை. எட்டிப் பார்த்தேன். நான் எட்டிப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

மாலை மறுபடி பூசினேன், அதே பாதிக்கு.

ஏப்ரல் 22, புதன்

ஒன்றுமில்லை. கண்ணாடி மாற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஜமால் பாய் கடையில்: "தலைவர் நேத்து வந்தாரும்மா. மேல் தட்டு டப்பாவ மொத்தமா கேட்டாரு. செடிக்கான்னு கேட்டேன். மொறைச்சாரு."

ஏப்ரல் 23, வியாழன்

இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. ஆசை கண்ணுக்குப் பச்சையடிக்கும். இவரைக் கூப்பிட்டு, எது பூசிய பாதி என்று சொல்லாமல் கேட்டேன். வலது பக்கம் என்றார். எதனால் என்றேன். "நீ அந்தப் பக்கம்தான் மூச்சு விடாம பாக்குற" என்றார். சாட்சி செல்லாது.

ஏப்ரல் 24, வெள்ளி

ஏழரை மணிக்குத் தோட்டம் போனால் லெ. அக்கா எனக்கு முன்னால் அங்கே. வாளி பக்கத்தில். தன் பாத்தியில் குனிந்து அந்த இலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"இதுல என்னாடி பூசுன?"

"புளித்தண்ணி. ஆணி."

"இந்தப் பக்கம் மட்டும் பச்சையா இருக்கு."

நான் சொல்லவில்லை, அவராகச் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தேன். நடு நரம்புக்கு வலது பக்கம் பச்சை, திட்டுத் திட்டாக, ஆனால் பச்சை. இடது பக்கம் அதே மஞ்சள். ஒரே இலையில் ரெண்டு நிறம். இருபத்து நான்கு வருஷம் பார்த்த எந்தச் சில்லும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

"முழுசா பூச வேண்டியதுதானே, ஏன் பாதி?"

"பாதி விட்டாத்தான் தெரியும்க்கா."

இலையை விட்டு நிமிர்ந்தார். "மிச்ச செடிக்கு எப்ப?"

ரெண்டு பேரும் சேர்ந்து அடித்தோம். ஆணித் தண்ணீரை ஸ்ப்ரேயரில் ஊற்றி, மு.வ. முழுக்க. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார். இன்று வாளியைத் தூக்க என்னை விட்டார்.

மத்தியானம் கேட்டில் சத்தம். பாயசம், பத்து நாள் தாமதமாக.

ஏப்ரல் 25, சனி

விடியற்காலை மழை, எட்டு மணிக்கு வெளுத்துவிட்டது.

தலைவர் வந்தார். கையில் சின்னப் பாட்டில், நீலத் தண்ணீர். நான் கேட்கவில்லை, அவராகவே, "வீட்டுப் பூந்தொட்டி மண்ணு பாத்தேன். ஊதா வருது. அது நல்லதா கெட்டதா?" என்றார். ரோஜாவுக்கு நல்லது என்றேன். தலையாட்டினார். அவர் மண்ணைக் கரைத்ததைப் பார்த்துப் பேத்தி சிரித்ததாம்.

இலையைக் காட்டினேன். குனிய முடியாமல் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பிறகு இறக்கி, இலையைத் திருப்பி அடிப்பக்கமும் பார்த்தார். பெயின்ட் அடித்திருப்பேன் என்று சந்தேகம். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பச்சை போகவில்லை.

"பாதிதான் இருக்கு."

"நீங்க ஒண்ணு கேட்டீங்க, நான் அர காட்டுறேன்ணே."

லெ. அக்கா சிரித்துவிட்டார்.

தலைவர் எழுந்து மூலைக் குச்சிக்குப் போனார். சிவப்புத் தலையைப் பிடித்து இழுக்கப் போனவர் நின்றார். ரெண்டாம் வரிசையிலிருந்து ஒரு பயிற்றங்கொடி எப்போது வந்ததோ, குச்சியை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியில் ஒரு பூவும் வைத்திருந்தது.

"இழுக்காதீங்கண்ணே, ஒடிஞ்சிடும்" என்றார் லெ. அக்கா.

குச்சியை விட்டுவிட்டார். சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து, அதில் தொங்கிய சின்னக் கத்தியால் நைலான் கயிற்றை மட்டும் அறுத்தார். நாலு பக்கமும் நடந்து, கயிற்றைச் சுருட்டி, பைக்குள் வைத்துக்கொண்டார். கோயிலில் ஐயர் மணி அடித்தார், அக்கா வாளியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, திருவிழாவுக்கு ஆறு நாள்தான் இருக்கு. கத்திரி காய்க்காது. நான் சொன்ன சொல்லு..."

கேட்டைத் திறந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "சாம்பாருக்கு முருங்கைக்கா போடு. கத்திரிக்கா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்றார். என் காதால் கேட்டேன். லெ. அக்கா வந்ததும் அவரிடம் சொன்னேன்: சிமென்ட் இல்லை, அடுத்த வருஷமும் கத்திரிதான்.